விளம்ப காலத்தில் ஒரு வீதி

கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும், வேகமாகப் பாடும்போது சின்னச் சின்னப் பிழைகள் காற்றோடு போய்விடும். விளம்ப காலத்தில் ஒவ்வொரு சுரமும் தனியாக வெளியே வந்து நிற்கும். பாடுகிறவரிடம் சரக்கு இருக்கிறதா என்பது அங்கேதான் தெரியவரும். ஓர் ஊரை நடந்து காட்டுவதும் அப்படிப்பட்ட கலைதான் என்று எனக்குப் புரிந்தது ஒரு தை மாதத்துச் சனிக்கிழமை காலையில். கொழும்பில் உல்பெண்டால் மேட்டிலிருந்து முகத்துவாரம் வரை நாங்கள் ஆறு பேர் போனோம். ஒருவர் சக்கர நாற்காலியில், ஒருத்தி வெள்ளைப் பிரம்போடு.

நடத்திச் சென்றவர் அளுத்மாவத்தை வீதிப் பக்கம் குடியிருக்கும் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியை. பெயர் போடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். தெருவில் எல்லோருக்கும் அவர் டீச்சர், இங்கேயும் டீச்சர். தொழிலாக இதைச் செய்பவர் அல்ல. தெரிந்தவர்கள் கேட்டால் கூட்டிக்கொண்டு போவார். நான் பல ஊர்களில் பல வழிகாட்டிகளின் பின்னால் நடந்திருக்கிறேன். பெரும்பாலானவர்கள் முன்னே நடந்தபடி முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவார்கள். ஆண்டுகளும் ஆளுநர் பெயர்களும் பின்னால் வருபவர்களின் காலடியில் விழுந்துகொண்டே போகும். டீச்சர் நடக்கும்போது பேசவே மாட்டார். "நடக்கிற நேரம் காது காலுக்கு வேணும்" என்பார். பிரம்போடு வரும் பெண்ணுக்கு முன்னால் வரும் சைக்கிளின் சத்தம் கேட்கவேண்டும். நாற்காலி தள்ளுகிறவனுக்குப் பள்ளம் தெரியவேண்டும். பேச்செல்லாம் நின்ற பிறகுதான். நின்றதும் தேநீர்க்கடையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை கேட்டு வாங்கி, நாற்காலியில் இருக்கும் அண்ணனுக்கு எதிரே, கண்ணுக்குக் கண் நேராக உட்கார்ந்துகொள்வார். அண்ணாந்து பார்த்துக்கொண்டே சரித்திரம் கேட்டால் கழுத்துத்தான் வலிக்கும் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

அந்த வாரம் அவர் செய்த இன்னொரு வேலையைப் பிறகுதான் அறிந்தேன். இரவல் வாங்கிய வெறும் சக்கர நாற்காலி ஒன்றைத் தனியாகத் தள்ளிக்கொண்டு முழு வழியும் போய் வந்திருக்கிறார். "யாருக்கு டீச்சர் சுகமில்ல?" என்று வழியெல்லாம் விசாரித்திருக்கிறார்கள். எந்தக் கானின் மூடிக்கல் விலகி முன்சக்கரத்தை விழுங்கும், எந்த ஒழுங்கையில் காலை ஏழு மணிக்கு நிழல் விழும், எந்தக் கடையின் பின்னால் அகலக் கதவோடு கழிப்பறை இருக்கிறது, எல்லாம் ஒரு பாடசாலைக் கொப்பியில் குறித்திருந்தார். கச்சேரிக்கு முந்திய சாதகம் என்று அதைத்தான் சொல்வேன்.

பாலைவன நகரமான ஜெய்சல்மேரில் கோட்டைக்குள் ஒழுங்கைகளைக் குறுக்கிக் கட்டியது நிழலுக்காக. இரு பக்க மாளிகைகளும் ஒன்றுக்கொன்று குடை பிடிக்கும். கொழும்பின் பழைய தெருக்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. இங்கே நிழலை மரமும் தகரச் சாய்ப்பும் மதிலும் துண்டு துண்டாகத் தரும்; ஒன்பது மணிக்குப் பிறகு அதுவும் சுருங்கிவிடும். டீச்சரின் கொப்பியில் நிழல் இருக்கும் இடங்களுக்குப் பக்கத்தில் நேரமும் எழுதியிருந்தது.

தொடங்கிய இடமே ஒரு பாடம். வழக்கமாக வருகிறவர்கள் புறக்கோட்டையில் இறங்கி, செட்டியார் தெரு வழியாக மேலே ஏறுவார்கள். டீச்சர் எங்களை உல்பெண்டால் தேவாலயத்தடிக்கு வான் பிடித்து வரச்சொன்னார். நாற்காலி தள்ளத் தொடங்கிய பிறகுதான் கொட்டாஞ்சேனை மேடும் பள்ளமுமான ஊர் என்பது என் கைகளுக்குத் தெரிந்தது. இத்தனை வருடம் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் போன எனக்கு அது தட்டையான ஊர். விவேகானந்தமேடு என்று வாய் நிறையச் சொல்கிறோம்; அதில் 'மேடு' இருப்பதை நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. சுவாமி விவேகானந்தர் 1897 ஜனவரி 15இல் கொழும்பில் கரையிறங்கியதன் நினைவாக 1902இல் தோன்றிய விவேகானந்த சபை அந்த மேட்டில்தான் இருக்கிறது.

உல்பெண்டால் என்றால் ஒல்லாந்தர் மொழியில் ஓநாய்ப் பள்ளத்தாக்கு. நிற்பதோ மேட்டில், இலங்கையிலோ ஓநாய் கிடையாது. போர்த்துக்கேயர் காலத்தில் அங்கே குவாதலூப்பே மாதாவுக்கு இருந்த கோயிலின் பெயரை ஒல்லாந்தர் ஓநாயாகக் காதில் வாங்கிக்கொண்டார்கள் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் விளக்கம். டீச்சர் இதைச் சொல்லி எங்களைச் சிரிக்கவிட்டு, பிறகு பெயரில் இருக்கும் பள்ளத்தைத் தேடச் சொன்னார். மேட்டின் ஓரத்தில் நின்று பார்த்தால் வீதிகள் துறைமுகத்தை நோக்கிச் சரிந்து இறங்குகின்றன. அண்ணன்தான் முதலில் கண்டுபிடித்தார். "எனக்கு இறக்கம் எங்க இருக்குன்னு உடனே தெரியும் டீச்சர், பிரேக்கைத் தொட்டுப் பார்க்கிற பழக்கம்" என்றார்.

1749இல் தொடங்கி 1757இல் வழிபாட்டுக்குத் திறந்த தேவாலயம் அது. செம்பூரான்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய சுவர்கள் ஏறத்தாழ ஐந்து அடித் தடிப்பு. சிலுவை வடிவில் கட்டியது. இந்த விவரமெல்லாம் எந்த வழிகாட்டியும் சொல்லக்கூடியதுதான். டீச்சர் சொல்லவில்லை. தங்கச்சியிடம் (பல்கலைக்கழகத்தில் படிக்கும் பெண், பத்து வயதில் பார்வையை இழந்தவள்) "மகள், நடுவில நின்று ஒருக்காப் பிரம்பைத் தட்டுங்க" என்றார். அவள் தட்டினாள். ஒலி மேலே போய்த் தாமதித்துத் திரும்பியது. நாலு அடி நகர்ந்து மறுபடியும் தட்டினாள். பிறகு இரண்டு கைகளையும் விரித்து, "இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திறந்திருக்கு. சிலுவை மாதிரியா?" என்றாள். கண்ணுள்ள நாங்கள் அப்போதுதான் கூரையை நிமிர்ந்து பார்த்தோம்.

அடுத்து நடந்ததை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. அங்கே கல்லறைக் கற்கள் உண்டு. கோட்டைக்குள் இருந்த பழைய ஒல்லாந்தர் தேவாலயத்திலிருந்து 1813இல் பல கல்லறைகளை இங்கே மாற்றினார்கள். நம் கோயில் சாசனங்களில் எழுத்தை உள்ளே வெட்டுவார்கள். ஒல்லாந்தர் கற்களில் பெரும்பாலும் எழுத்தை விட்டுச் சுற்றியுள்ள கல்லைச் செதுக்கி எடுத்துவிடுவார்கள். எழுத்துப் புடைத்து நிற்கும். டீச்சர் முன்கூட்டியே அனுமதி கேட்டு வைத்திருந்தார். ஒரு கல்லருகே தங்கச்சியை உட்காரவைத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் உள்ளங்கையால் முதலில் முழுக் கல்லையும் தடவினாள், மாவு பிசைகிறவர்கள் பாத்திரத்தின் அடியைத் தடவுவது போல. பிறகு ஒரு விரல். கூடாரம்போல் இரண்டு கோடு, நடுவில் குறுக்குக்கோடு. சின்ன வயதில் பார்த்த ஆங்கில எழுத்துகளின் வடிவம் அவள் நினைவில் இருந்திருக்கிறது. "ஏ..." என்றாள். "என்... இன்னொரு என்... ஓ." நிமிர்ந்து, "அன்னோ. அப்படின்னா?" என்று கேட்டாள்.

"ஆண்டு. லத்தீன். இதுக்குப் பிறகு வாறது அவர் செத்த வருஷம், அதையும் வாசியுங்க" என்றார் டீச்சர்.

அவள் இலக்கங்களை ஒவ்வொன்றாக விரலால் எடுத்துச் சொன்னாள். நான் அந்தக் கற்களை எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறேன். எழுத்து புடைப்பா பள்ளமா என்று கேட்டால் எனக்குத் தெரிந்திருக்காது.

மேட்டை விட்டு இறங்கும்போது நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தபடி மெல்ல விட்டுக்கொண்டு வரவேண்டியிருந்தது. ஒரு குறுக்கு ஒழுங்கையின் முனையில் நடைபாதை ஆறு அங்குல உயரத்தில் சட்டென்று முடிந்தது. அண்ணன் அங்கே ஒரு கணக்குச் சொன்னார். ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குலச் சரிவு வேண்டும் என்பது பொது விதி. ஆறு அங்குலப் படி என்றால் ஆறு அடிச் சரிவு. "என்னைத் தடுக்கிறது ஆறு அங்குலம். அதை எடுக்க ஆறு அடி இடம் கேட்டா யார் தருவாங்க?" இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான சட்டம் 1996இல் வந்தது, 28ஆம் இலக்கச் சட்டம். பொதுக் கட்டடங்களுக்கான அணுகுவசதி ஒழுங்குவிதிகள் 2006இல் வர்த்தமானியில் வெளியாயின. அவற்றைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தும்படி உயர் நீதிமன்றம் 2011இல் உத்தரவிட்டது. அதற்காக மனுத் தாக்கல் செய்தவர் தானும் சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் பெரேரா. அவரால்தான் இன்று பல புதிய கட்டடங்களின் வாசலில் சரிவு இருக்கிறது. பழைய தெருக்களுக்கு அந்தக் கை இன்னும் எட்டவில்லை.

சம்மாங்கோட்டார் பள்ளிவாசலை டீச்சர் விட்டுவிட்டார். சிவப்பும் வெள்ளையுமாக 1909இல் எழுந்து நிற்கும் அந்த அழகை விட்டது எனக்கு முதலில் பொறுக்கவில்லை. நாட்டாமிமார் மூட்டை வண்டி தள்ளும் புறக்கோட்டைக் குறுக்குத் தெருவுக்குள் இந்த இரண்டு பேரையும் கொண்டுபோனால் அவர்கள் பள்ளிவாசலை அல்ல, பயத்தைத்தான் பார்ப்பார்கள் என்றார். அதற்கென்று ஒரு போயா நாள், கடைகள் பூட்டியிருக்கும் நேரம், தனியாக வருவோம் என்றார். எதைக் காட்டுவது என்பது பாதிக் கலை. எதை விடுவது என்பது மீதி.

இந்தக் கலைக்கு நம் பக்கத்தில் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. அகமதாபாத்தில் மாநகராட்சியே 1997இல் பழைய நகர் நடையைத் தொடங்கியது. காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் தொடங்கி ஜும்மா மசூதியில் முடியும் வழி அது. சென்னையில் வி. ஸ்ரீராமின் மயிலாப்பூர் நடைகளுக்குக் கச்சேரிக்கு வருவதுபோல் ஆட்கள் வருகிறார்கள். கொழும்பிலேயே கொம்பனித்தெருவில், வீடுகள் இடிபட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஃபிரி ரஹ்மானும் அவருடைய கலைஞர் தோழர்களும் தங்கள் தெருவைத் தாங்களே நடந்து காட்டினார்கள். அந்தத் தெருவில் பிறந்தவர் காட்டும்போது குரலில் வரும் உரிமை வேறு. டீச்சரிடம் நான் ரசித்ததும் அதுதான், அதற்கு மேல் ஒரு படியும் உண்டு: தெரு யாரை மறந்துவிட்டுக் கட்டப்பட்டதோ அவர்களைக் கொண்டு அவர் தெருவைப் படிக்கிறார்.

கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயம். பொன்னம்பல முதலியார் கட்டிய கோயிலை அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லால் திருப்பிக் கட்டினார். சுதையும் வர்ணமும் பழகிய கண்ணுக்கு அந்தக் கருமை ஓர் அமைதி. காலை எட்டு மணிக்கும் கல் குளிர்ந்திருந்தது. தங்கச்சி தூணைக் கீழிருந்து தடவிக்கொண்டு போனாள். இடுப்பு உயரம் வரை வழவழப்பு, அதற்கு மேல் உளி பட்ட சொரசொரப்பு. "இதுவரைக்கும்தான் ஆட்கள் கை வைப்பாங்க போல" என்றாள். நூறு வருடத்துக் கைகள் ஏறிய உயரம் அது. மணி அடித்தது. அதே நேரம் துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதியது. இரண்டும் ஒன்றோடொன்று கலந்து ஓயும் வரை டீச்சர் வாயைத் திறக்கவில்லை.

புனித அந்தோனியார் திருத்தலத்தின் முன்னும் அப்படித்தான். செவ்வாய்க்கிழமை என்றால் அங்கே சைவர், பௌத்தர், முஸ்லிம்கள், கத்தோலிக்கர் என்று எல்லோரும் மெழுகுதிரியோடு நிற்பார்கள். சனிக்கிழமையிலும் மெழுகின் வாசம் வாசலுக்கு வெளியே வந்து எதிர்கொண்டது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, இங்கே குண்டு வெடித்த நாள். டீச்சர் அந்தத் திகதியைச் சொன்னார். ஜூன் 12இல் மீண்டும் திறந்தார்கள், மறுநாள் அந்தோனியார் திருநாள் என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. எந்த இடத்தில் வெடித்தது, எத்தனை பேர் என்று சொல்லும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். டீச்சரின் பழைய மாணவர்கள் சிலரின் வீடுகளில் அந்த நாளில் இறந்தவர்களின் படங்கள் மாலையோடு தொங்குகின்றன. அவர் மெழுகுதிரி ஒன்று வாங்கித் தங்கச்சியின் கையில் கொடுத்தார். அண்ணன் தானாகவே நாற்காலியை உருட்டிக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் காத்திருந்தோம்.

அங்கிருந்து வான். நடுவில் வரும் தூரத்தை நடந்தே தீரவேண்டும் என்ற வீம்பு டீச்சருக்கு இல்லை. கொட்டாஞ்சேனைப் புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடத்தை எங்களுக்குக் காட்டி, தங்கச்சிக்கு அதை ஒரு பெரிய கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி என்று சொல்லி, தன் கையைக் குழித்து அவள் உள்ளங்கைக்குள் வைத்தார். 1883இல் உயிர்த்த ஞாயிறன்று தீபதுத்தாராமய விகாரைக்குப் போன ஊர்வலத்துக்கும் கத்தோலிக்கருக்கும் இடையில் மூண்ட கலவரத்தையும் சொன்னார். யார் முதலில் கல்லெறிந்தார்கள் என்று நான் கேட்டேன். "ரெண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் நான் படிப்பிச்சிருக்கிறேன்" என்றார். இரண்டு வருடம் கழித்து, 1885 வெசாக் நாளில் அதே விகாரையில் பௌத்தக் கொடி முதன்முதலாக ஏறியது என்பதோடு அந்தக் கதையை முடித்தார்.

எலி ஹவுஸ் மேடு வந்ததும் அண்ணன் உற்சாகமாகிவிட்டார். காலனித்துவச் செயலாளர் அன்ஸ்ட்ரதர், ஒற்றைக் கைக்காரர், கட்டிய மாளிகை நின்ற இடம். அவர் வந்து குடியிருந்தது காற்றுக்காக. பிற்காலத்தில் அதே மேட்டை நீர்த்தேக்கத்துக்கு எடுத்தார்கள், உயரத்துக்காக. அங்கே நின்றால் தண்ணீர் தானாகக் கீழே ஓடும், வட கொழும்பின் வீடுகளுக்குப் போகும். "நாற்காலியும் தண்ணியும் ஒரே சட்டத்துக்குக் கட்டுப்பட்டது டீச்சர்" என்றார் அண்ணன். டீச்சர் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

முகத்துவாரம் என்றவுடன் இன்று பலருக்கு மீன்பிடித் துறைமுகமும் காளி கோயிலும் நெரிசலும்தான் நினைவுக்கு வரும். ஒரு காலத்தில் இது கொழும்பின் நாகரிகக் கரை. சீட்டாட்டம் ஒன்றின் பெயரைத் தாங்கிய விஸ்ட் பங்களா இங்கேதான். சென் தோமஸ் கல்லூரி 1851இல் இங்கேதான் தொடங்கியது. அங்கிலிக்கன் பேராலயம் அதன் பக்கத்தில் எழுந்தது. பிறகு 1875இல் துறைமுகத்தின் அலைதாங்கிக்கு அடிக்கல் வைத்தார்கள். கப்பல்கள் வந்தன, கப்பல்களுக்கு நிலக்கரி வந்தது, கரித்தூள் காற்றில் வந்து வகுப்பறைக்குள் இறங்கியது. கல்லூரி 1918இல் கல்கிசைக்குப் போனது. பல தசாப்தங்கள் கழித்துப் பேராலயமும் நகருக்குள் இடம் மாறியது. வசதியுள்ளவர்கள் தெற்கே போக, மீனவர்களும் துறைமுகத் தொழிலாளரும் தோட்டங்களில் நெருங்கி வாழ்பவர்களும் இங்கே நின்றார்கள். டீச்சர் குடும்பமும் நின்றது. "எல்லாரும் போன பிறகு இருந்தவங்கதான் ஊர்" என்று அவர் சொன்னபோது, அந்தக் காலை முழுவதும் நிதானமாக இருந்த குரல் ஒருமுறை மேலே போய் இறங்கியது.

கடைசி நிறுத்தம் களனி கங்கை கடலில் விழும் பக்கம். சிவனொளிபாத மலைப் பக்கம் பிறந்து ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடி வரும் ஆறு. ஊருக்குப் பெயர் வந்ததே இந்த வாயால்தான். கொப்பியின்படி எங்கள் நடை தார் முடியும் இடத்தில் முடியவேண்டும். அதற்கப்பால் மணல், மணலில் சக்கரம் புதையும். டீச்சர் கதிரையில் உட்கார்ந்து, ஆற்றுத் தண்ணீர் கலங்கலாகவும் கடல் தெளிவாகவும் வந்து ஒன்றையொன்று தள்ளுவதை எங்களுக்குச் சொல்லத் தொடங்கியிருந்தார். தங்கச்சி இடையில் கேட்டாள்: "டீச்சர், ரெண்டு சத்தம் கேட்குது. ஒன்று உடையுது. ஒன்று உடையாம இழுத்துக்கொண்டு போகுது."

வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எங்களைக் கொஞ்ச நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வந்து சிங்களத்தில் ஏதோ கேட்டார். டீச்சர் பதில் சொன்னார். அவர் திரும்பிப் போய், படகைக் கரையேற்றப் போடும் பலகைகளில் மூன்றைத் தூக்கிவந்தார். கூட இரண்டு பொடியன்கள். பலகைகளை மணலில் வரிசையாகப் போட்டார்கள். நாற்காலி இரண்டு பலகை நகர்ந்ததும் பின்னால் மிஞ்சிய பலகையை எடுத்து முன்னால் போட்டார்கள், படகை இழுக்கும்போது செய்வதைப் போலவே, அதே தாளத்தில், வாயால் அதே ஓசையோடு. நான் பிடியை விட்டுவிட்டேன். எனக்கு அங்கே வேலை இல்லை. தங்கச்சி அந்த ஓசையைப் பின்பற்றிப் பிரம்பில்லாமல் பக்கத்தில் நடந்தாள், ஒரு பொடியனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு.

கொப்பியை மூடிவைத்துவிட்டு டீச்சர் பின்னால் நடந்து வந்தார். ஈர மணலில் பலகை நின்றது. ஓர் அலை ஏறி வந்து நாற்காலியின் முன்சக்கரங்களை நனைத்துவிட்டுப் போனது. அண்ணன் குனிந்து சக்கரத்தைத் தொட்டார், விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பா?" என்று கேட்டாள் தங்கச்சி.

"பாதி" என்றார்.